‘வா’ என்றால் வர வேண்டும்!

செஞ்சிக் கோட்டை இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் அடிவாரத் தெருக்களில் நாய் வளர்ப்பவர்கள் தங்கள் நாய்க்குச் சொல்லித்தர வேண்டியது ஐந்தே ஐந்து சொற்கள். சொல்லித்தராமல் விட்டால் என்ன ஆகும்?

காலை ஆறரை மணி. கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. கீழே தெருவில் இன்னும் நிழல். பால்காரரின் மொபெட் முக்குத் திரும்பும் சத்தம் கேட்டதுமே திண்ணையடியில் சுருண்டு கிடந்த செவலை நாய் எழுந்துகொள்கிறது. காது நிமிர்கிறது, பிடரி மயிர் சிலிர்க்கிறது, அடுத்த நொடி தெருவில் பாய்ச்சல். பால்காரர் காலைத் தூக்கிக்கொண்டு தடுமாறுகிறார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண், கையில் மாவோடு கத்துகிறார்: “மணி... டேய் மணி... வாடா இங்க!” மணி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளேயிருந்து வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி எறிகிறார். மணி இன்னும் வேகம் பிடிக்கிறது.

செஞ்சி என்றில்லை, திண்டிவனம் சாலையிலோ திருவண்ணாமலை சாலையிலோ எந்த ஊரில் இறங்கினாலும் இது அன்றாடக் காட்சி. “கடிக்காதுங்க, சும்மா குரைக்கும்” என்பது வழக்கமாகச் சொல்லும் சமாதானம். வண்டியோடு விழுந்து முட்டி பெயர்ந்தவரிடம் அந்தச் சமாதானம் செல்லாது.

2025-ஆம் ஆண்டு முழுக்க நாடே நாயைப் பற்றித்தான் பேசியது. டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநாய்களையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி மற்றோர் உத்தரவு வந்தது. டீக்கடை பெஞ்சு வரை வாதம் நடந்தது. நாய்க்குப் பரிந்தவர்கள் ஒரு பக்கம், கடிபட்டவர்கள் ஒரு பக்கம்.

இந்த வாதத்தில் யாரும் தொடாத ஓர் இடம் உண்டு. செஞ்சி மாதிரியான பேரூராட்சியில் வீட்டு நாய் எது, தெரு நாய் எது? பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் சோறு, அடுத்த வீட்டுப் படியில் தூக்கம், தெரு முழுக்கக் காவல். மாநகரச் சட்டங்கள் போடும் கோடு இங்கே அழிந்துபோய்விடுகிறது. அதனால்தான் நாயைப் பழக்குவது இங்கே பணக்காரர்களின் பொழுதுபோக்காக இல்லாமல் தெருவின் பாதுகாப்பு விஷயமாகிறது.

குதிரையைப் பழக்கிய கதை, நாய்க்கு நட்ட கல்

பிராணியைப் பழக்குவது செஞ்சிக்குப் புதிதல்ல. 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்ட செஞ்சி அரசன் தேஜ் சிங்கைத்தான் நாட்டுப்புறக் கதை தேசிங்கு ராஜன் என்று கொண்டாடுகிறது. டெல்லியில் எவராலும் அடக்க முடியாத குதிரையை ஏறி அடக்கியவன் என்பது கதையில் அவன் பெருமை. குதிரையேற்றக் கதைக்கு அது பொருந்தும். வீட்டு நாயிடம் அந்த ‘அடக்கும்’ வழி எடுபடாது. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையைத் தாண்டி எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததை, நாயின் பெயரைச் சொல்லியே கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் போகாத நாய் அது. நாள் முழுக்க மேய்ப்பனோடு நடந்து, அவன் குரலையும் கையசைவையும் கேட்டே வளர்ந்திருக்கும். நம் வீட்டு நாய்களுக்கு இன்று கிடைக்காதது அந்த நேரமும் துணையும்தான்.

அடித்தால் படியுமா?

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்ற பழமொழியை நாய் விஷயத்தில் நம்புகிறவர்கள் அதிகம். மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, ஈர்க்குச்சியால் விளாசுவது, கழுத்துப் பட்டையை வெடுக்கென்று இழுப்பது என்று அதற்குப் பல வழி வைத்திருக்கிறார்கள்.

போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில், வெவ்வேறு பயிற்சிப் பள்ளிகளுக்குப் போகும் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். கத்துவது, பட்டையை இழுப்பது போன்ற தண்டனைகளால் பழக்கப்பட்ட நாய்கள் பயிற்சியின்போதே உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடலைக் குறுக்கின. அவற்றின் உமிழ்நீரில் மனஅழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பு பயிற்சிக்குப் பிறகு கூடியிருந்தது. தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்கிய நாய்களிடம் இவை அந்த அளவுக்கு இல்லை.

‘நாயிடம் நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்’ என்ற நம்பிக்கைக்கும் ஒரு மூலம் உண்டு. அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் எழுதியது அது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த டேவிட் மெக், 1999-இல் அதை மறுத்தார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், குட்டிகள் சேர்ந்த ஒரு குடும்பம். அங்கே தலைமைக்கு ஓயாத அடிதடி இல்லை என்று காட்டினார். மறுப்பு வந்த பிறகும் பழைய நம்பிக்கை நம்மூர் வரை நிலைத்துவிட்டது.

அடியின் விளைவிலேயே ஆபத்தானது ஒன்று உண்டு. உறுமுவது நாயின் எச்சரிக்கை: ‘கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது’. ஒவ்வொரு முறை உறுமும்போதும் அடி விழுந்தால், நாய் பயத்தை விடுவதில்லை, உறுமலைத்தான் விடுகிறது. அடுத்த தடவை எச்சரிக்கையில்லாமல் கடி விழும். அப்போது அருகில் இருப்பது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையாக இருக்கும். குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம் என்பதால் காயம் முகத்திலும் கழுத்திலும் படுகிறது.

நாட்டு நாய்க்குப் புத்தி வராதா?

“லேப்புக்குச் சொல்லிக்கொடுக்கலாம், நாட்டு நாய்க்கு வராது” என்பார்கள். தவறு. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, தெருநாய்களையே தெருவிலேயே வைத்துச் சோதித்தது. மூடிய இரண்டு கிண்ணங்களில் ஒன்றை முன்பின் தெரியாத ஒருவர் கையால் சுட்டிக்காட்டுவார். சோதித்த 160 நாய்களில் ஏறக்குறையப் பாதி பயந்து கிட்டேயே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவிகிதம், சுட்டிய கிண்ணத்துக்கே போயின. இவற்றுக்கு யாரும் எதையும் பழக்கியதில்லை. அதே குழு 2017-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தின்னக் கொடுத்தவரைவிடத் தலையைத் தடவிக்கொடுத்தவரிடமே தெருநாய்கள் சீக்கிரம் நெருங்கின. நம் தெரு நாய்க்குப் புத்தி உண்டு, மனிதனைப் படிக்கும் கண்ணும் உண்டு. குறுக்கே நிற்பது பயம் ஒன்றுதான்.

புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2016-இல் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றின் மூளையைப் பார்த்தார்கள். பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலில் சொன்னபோதுதான் மகிழ்ச்சிக்கான பகுதி விழித்தது. கொஞ்சும் குரலில் வேறு சொல்லைச் சொன்னாலும், பாராட்டுச் சொல்லை உணர்ச்சியில்லாமல் சொன்னாலும் அது நடக்கவில்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் இனங்களைத் தமிழ்நாடு அரசு சென்னை சைதாப்பேட்டை நாய் இனப்பெருக்கப் பிரிவில் வளர்த்து வந்திருக்கிறது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்க வளர்த்த வேட்டை நாய்கள். எதிரே ஏதாவது ஓடினால் காது அடைத்துப்போகும். இந்த இனங்களை வைத்திருப்பவர்கள் ‘வா’ என்ற சொல்லுக்குக் கூடுதல் மாதங்கள் ஒதுக்க வேண்டும். செஞ்சியைச் சுற்றியுள்ள புதர்க்காடுகளில் நாயை விட்டு முயல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்கள் மறக்கக்கூடாது.

குவாலியர் அருகே தேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் நடத்தும் தேசிய நாய்ப் பயிற்சி மையத்தில் வெடிகுண்டு மோப்பம், குற்றவாளியைத் தேடுவது என்று பல படிப்புகள் உண்டு. காட்டுயிர்க் கடத்தலைப் பிடிக்கும் மோப்ப நாய்களும் அங்கே பழகியிருக்கின்றன. எந்தப் படிப்பானாலும் அடித்தளம் கீழ்ப்படிதல்தான்: உட்கார், படு, இரு, வா, கூட நட. படை நாயின் முதல் பாடமும் வீட்டு நாயின் முதல் பாடமும் பெரும்பாலும் ஒன்றே.

பெட்டிச் செய்தி: எந்த வயதில் தொடங்கலாம்?

குட்டி பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து சுமார் 12–14-ஆவது வாரம் வரை, உலகத்தை அது பயமில்லாமல் ஏற்கும் காலம். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-இல் எழுதிய நூல் இதை நிறுவியது. மொபெட் சத்தம், குடை, தலைப்பாகை, தாடி, பள்ளிக் குழந்தைகள், ஆடு மாடு எல்லாவற்றையும் இந்தக் காலத்தில் மெதுவாகக் காட்டிவிட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். கட்டளைகளை எட்டு வார வயதிலேயே தொடங்கலாம். வயதான நாயும் கற்றுக்கொள்ளும். கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஐந்து சொல்

முதல் வேலை நாயிடம் இல்லை, வீட்டாரிடம். பேரன் “சிட்” என்கிறான், பாட்டி “ஒக்காரு” என்கிறார், அப்பா “ஏய்” என்று மட்டும் அதட்டுகிறார். நாய்க்கு எது கட்டளை? தமிழோ இங்கிலீஷோ ஏதாவது ஒன்று. வீடு முழுக்க அதையே சொல்ல வேண்டும். ஐந்து சொல்லையும் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

கூலிக்கு விலையுயர்ந்த பாக்கெட் தின்பண்டம் தேவையில்லை. டீக்கடைப் பொறையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைத்துக்கொள்ளலாம். உப்பில்லாமல் அவித்த மல்லாட்டைப் பருப்பு, அவித்த கோழி ஈரல் துணுக்கு இரண்டுக்கும் நாய்கள் உயிரை விடும். சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். சோறு வைப்பதற்கு முன், பசியோடு இருக்கும்போது ஐந்து நிமிடம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. செஞ்சிப் பாறைகள் வெயிலில் கொதிப்பவை. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, உங்களால் தாங்க முடியாவிட்டால் அந்தத் தரையில் நாயை நடத்தாதீர்கள்.

*உட்கார்.* துணுக்கை விரலிடுக்கில் பிடித்து நாயின் மூக்கருகே கொண்டுபோங்கள். மெதுவாக அதன் தலைக்கு மேலே, பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போகும். பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்தக் கணம் “சபாஷ்” என்று சொல்லித் துணுக்கைக் கொடுங்கள். இடுப்பைக் கையால் அழுத்தி உட்காரவைக்க வேண்டாம். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடிக்குள் கூலி கிடைக்க வேண்டும். பையைத் துழாவிக்கொண்டு நின்றால் நாய் எழுந்துவிடும். அப்போது கொடுத்தால் எழுந்ததற்குத்தான் கூலி என்று அது புரிந்துகொள்ளும். கையசைவு பழகிய பிறகு, அசைவுக்குச் சற்று முன்னால் சொல்லைச் சேர்க்கலாம்.

*படு*, உட்கார்ந்த நிலையிலிருந்து துணுக்கைத் தரைக்கு இறக்கினால் வந்துவிடும். *இரு* என்பதற்குப் பொறுமை வேண்டும்: ஒரு விநாடி, மூன்று விநாடி, பிறகு ஓர் அடி பின்னால், பிறகு வாசல் வரை. நாய் எழுந்துவிட்டால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பால்காரர் வரும் நேரத்தில் திண்ணையில் ‘இரு’ என்று உட்காரவைக்க முடிந்தால் தெருவில் பாதிச் சண்டை தீரும்.

*விடு* என்பது உயிர் காக்கும் சொல். கோழிக்கடை வாசலில் கிடக்கும் எலும்பு, பஸ் ஸ்டாண்டில் சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் பை, எலிக்கு வைத்த மருந்து என்று எதை வேண்டுமானாலும் நாய் கவ்வும். பிடுங்கப் போனால் அவசரமாக விழுங்கிவிடும், இல்லையென்றால் கடிக்கும். அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி, வாயிலிருப்பதைப் போட்டதும் கொடுத்து, முடிந்தால் போட்ட பொருளையும் திருப்பிக் கொடுத்துப் பழக்கினால், ‘விடு’ என்றால் நட்டமில்லை என்று அது கற்றுக்கொள்ளும். கிழிந்த துணி, பந்து போன்றவற்றில் தொடங்குவது பத்திரம்.

இனி *வா*. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சொல்லை நாமே கெடுத்து வைத்திருக்கிறோம். நாயை எப்போது கூப்பிடுகிறோம்? கட்டிப்போட, குளிப்பாட்ட, மருந்து புகட்ட, எதையோ கடித்துக் குதறியதற்காக அடிக்க. பத்து தரம் வந்து பத்து தரமும் கெட்டதே நடந்தால் பதினோராவது தரம் எந்த நாய் வரும்?

கெட்டுப்போன சொல்லைக் கைவிட்டு, புதுச் சொல்லோ விசிலோ வைத்துத் தொடங்குவது நல்லது. முதலில் வீட்டுக்குள், இரண்டடி தூரத்தில். வந்ததும் துணுக்கு, தடவல், பாராட்டு எல்லாம். பிறகு கூடத்தின் அந்தக் கோடி, கொல்லை, களம். வெளியே போகும்போது பத்து மீட்டர் மாட்டுக் கயிறு ஒன்றைப் பட்டையில் கட்டிவிட்டு, மறுமுனை உங்கள் கையில் இருக்கட்டும். இழுப்பதற்கு அல்ல, ஓடிவிடாமல் இருக்க. கூப்பிட்டும் நாய் தயங்கினால் அதை நோக்கி ஓடக்கூடாது. எதிர்த்திசையில் ஓடுங்கள், துரத்துவது நாயின் இயல்பு, பின்னாலேயே வரும். வந்ததும் பட்டையைத் தொட்டுப் பிடித்து, கொடுத்து, மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். ‘வந்தால் ஆட்டம் முடியும்’ என்ற எண்ணத்தை அதன் மனதிலிருந்து எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாமதமாக வந்தாலும் திட்டக்கூடாது. அரை மணி நேரம் அலையவிட்டு வந்தாலும் சரி, வந்ததற்குக் கூலி உண்டு.

சங்கிலியில் கழியும் ஆயுள்

சொல் பழகாத நாயின் கதி என்ன? ஒரு மொபெட்டைத் துரத்தியதும் சங்கிலி ஏறுகிறது. நான்கடிச் சங்கிலியில் தின்பது, தூங்குவது, கழிப்பது எல்லாம் நடக்கிறது. தெருவில் போகும் எல்லாரும் அதற்கு எதிரியாகத் தெரிகிறார்கள். விலகி ஓட இடமில்லாத நாய்க்குக் கடிப்பது ஒன்றே மிச்சம். ஒருநாள் சங்கிலி அறுகிறது, அல்லது குழந்தை அந்த வட்டத்துக்குள் போய்விடுகிறது. பிறகு “இது சரிப்படாது” என்று நாயை வண்டியில் ஏற்றி வேறு ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருகிறார்கள். அந்த ஊரின் தெருநாய்க் கணக்கில் ஒன்று கூடுகிறது. ஆசைப்பட்டு வாங்கிய வெளிநாட்டு இன நாய்களுக்கும் இதே கதி.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவை தெருநாய்கள் இல்லை, வளர்ப்பு நாய்கள். நாய்க்காரர் கைதானார். எந்த இனமானாலும் பட்டையும் கயிறும் பேச்சைக் கேட்கும் பழக்கமும் இல்லாமல் பொது இடத்துக்குக் கூட்டிவரக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

வளர்க்கும் பிராணியால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபக்கம், பிராணிவதைத் தடைச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவு, நியாயமற்ற நேரம் குறுகிய அல்லது கனமான சங்கிலியில் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய். இந்தத் தொகையை உயர்த்தாமல் சட்டத்துக்கு மரியாதை வராது.

பெட்டிச் செய்தி: கடித்துவிட்டால்

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என நான்கு தவணை. ஆழமான காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. உலக ரேபிஸ் மரணங்களில் 36 சதவிகிதம் இந்தியாவில் நிகழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும்.

கோட்டைக்கு வரும் கூட்டம்

2025 ஜூலையில் யுனெஸ்கோ, ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். இனி வெளியூர்க் குடும்பங்களும் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகளும் இன்னும் அதிகம் வருவார்கள். கையில் தின்பண்டம், மேலே குரங்குகள், கீழே நாய்கள். குரங்கு பிடுங்கிப் போட்ட பிஸ்கட்டுக்கு நாய் பாயும், பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள், ஓடுவதைக் கண்டு நாய் துரத்தும். சில நொடிக்குள் நடந்துவிடும் விபத்து இது. அந்த நாய்களில் பலவற்றுக்கு அடிவாரத்திலேயே சோறு போடும் வீடு உண்டு. சோறு போடுகிறவர் குரலுக்கு அவை திரும்பி வந்தால் அந்தப் பிள்ளை கடிபடாது.

பிள்ளைகளுக்கும் பாடம் தேவை. நாய் துரத்தினால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி, கண்ணைப் பார்க்காமல் அசையாது நிற்க வேண்டும். தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக்கூடாது. இதைப் பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

செஞ்சிப் பேரூராட்சியும் கால்நடைத் துறையும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் முகாம் நடத்த வேண்டும். ஒரு மேசையில் ரேபிஸ் ஊசி, ஒரு மேசையில் கருத்தடைக்குப் பெயர்ப்பதிவு, மைதானத்தின் நடுவே காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவின் பயிற்சியாளர் ஒருவர். நாய் வளர்க்கும் குடும்பங்களே, இதைக் கேட்டு இந்த வாரமே பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுங்கள். முகாம் வரும்வரை காத்திருக்காமல், நாளைக் காலை மாட்டாஸ்பத்திரிக்கு நாயை நடத்திக் கூட்டிப்போய் ஊசியைப் போட்டுவிட்டு, வரும் வழியில் டீக்கடையில் நாலு பொறை வாங்கிக்கொள்ளுங்கள்.